பாலிசியோட வர்ற ரோட்சைடு அசிஸ்டன்ஸ் போதுமா, தனியா மோட்டார் கிளப்ல சேரணுமா? (அவசரம்)

தென்றல்77
கார் இன்சூரன்ஸ் பாலிசி ரினியூவல் இன்னைக்கு ராத்திரியோட முடியுது. பணம் கட்டப் போனா ரோட்சைடு அசிஸ்டன்ஸ் (வண்டி வழியில நின்னுட்டா வந்து உதவுறது) சேர்க்கவான்னு கேக்குது. சேர்த்தா கொஞ்சம்தான் கூடுது. ஆபீஸ்ல ஒருத்தர் அதெல்லாம் பேருக்குத்தான், மோட்டார் கிளப் (சந்தா கட்டினா இதே உதவியைத் தர்ற ஓட்டுநர் சங்கம்) மெம்பர்ஷிப் எடுங்கன்னு அடிச்சுச் சொல்றார். அது இதைவிட நல்லாவே அதிகம். எது எடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

ஆயில்கை
என்ன வண்டி? எத்தனை வருஷம் ஆச்சு? ஆட்டோமேட்டிக்கா மேனுவலா? ஸ்டெப்னி இருக்கா? இதைச் சொல்லாம எப்படி பதில் சொல்றது?

சாலைப்பித்தன்
கிளப்தான், யோசிக்கவே வேணாம். இன்சூரன்ஸ்காரங்களுக்கு பெரும்பாலும் சொந்தமா டோ வண்டி (நின்ன காரை இழுத்துட்டுப் போறது) கிடையாது. நீங்க கூப்பிட்டா அது ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்குப் போகும், அவங்க பக்கத்துல யார் சும்மா இருக்காங்கன்னு தேடுவாங்க. கிளப்புகள் ஓட்டுறவங்களுக்காகவே பிறந்தவை. அமெரிக்காவின் ஏஏஏ 1902, ஜெர்மனியின் ஏடிஏசி 1903, பிரிட்டனின் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1905. அந்த பிரிட்டன் கிளப் ஆரம்பிச்சதே ஓவர் ஸ்பீடு பிடிக்க போலீஸ் எங்கே மறைஞ்சிருக்குன்னு ஓட்டுறவங்களை எச்சரிக்கத்தான். மெக்கானிக் வந்து அங்கேயே சரி பண்ணப் பார்ப்பார். எடுத்தவுடனே கொக்கி மாட்ட மாட்டார்.

பழைய டீசல்
1905ல யார் என்ன பண்ணாங்கங்கறது இன்னைக்கு நடுரோட்ல நிக்கிறவருக்கு உதவாது தம்பி. பல ஊர்ல கிளப்பும் கான்ட்ராக்ட் ஆளைத்தான் அனுப்புது. ரெண்டு பேருக்கும் ஒரே டோ வண்டிக்காரர் வர்றதை நான் பார்த்திருக்கேன்.

தென்றல், இந்தக் கேள்வி மாசாமாசம் வருது, யாரும் பாலிசி வார்த்தைகளைப் படிக்கிறதில்லை. விளம்பரத்தை விடுங்க, நிபந்தனைப் பக்கத்தைத் திறங்க. எத்தனை தூரம் வரைக்கும் இழுத்துட்டுப் போவாங்க? நீங்க சொல்ற வொர்க்‌ஷாப்புக்கா, அவங்களுக்குப் பக்கத்துல இருக்கறதுக்கா? வருஷத்துக்கு எத்தனை தடவை? வீட்டு வாசல்ல ஸ்டார்ட் ஆகலைன்னா வருவாங்களா? சில திட்டங்கள்ல வீட்டுக்குப் பக்கத்துல நின்னா கணக்கில்லை. ஆள் அனுப்புவாங்களா, இல்லை நீங்களே செலவு பண்ணி பில்லு அனுப்பணுமா? இதைப் படிக்காம எதை வாங்கினாலும் ஒண்ணுதான்.

மீனா_எம்
அவர் அவசரத்துல இருக்கார், கொஞ்சம் மெதுவா சொல்லலாமே.

தென்றல், ஒண்ணு மட்டும் முதல்ல பாருங்க. கவர் வண்டிக்கா, ஆளுக்கா? பாலிசியோட வர்றது பொதுவா அந்த வண்டிக்கு மட்டும். யார் ஓட்டினாலும் வரும், ஆனா வேற வண்டியில நீங்க மாட்டிக்கிட்டா வராது. கிளப்ல நிறைய திட்டம் ஆளுக்கு. நண்பரோட கார்ல போனாலும், வாடகை வண்டியானாலும் கூப்பிடலாம். ஆனா வீட்ல இன்னொருத்தர் தனியா ஓட்டினா அவங்களையும் மெம்பராச் சேர்க்கணும். வீட்ல எத்தனை பேர் ஓட்டுறீங்க?

இன்னொண்ணு: சில இடங்கள்ல இன்சூரன்ஸ்ல உதவிக்குக் கூப்பிட்டாலே அது உங்க க்ளெய்ம் பதிவுல ஏறும். அதையும் கேட்டுக்கோங்க.

ஆயில்கை
தென்றல் ஆளைக் காணோம். ஸ்டெப்னி இருக்கான்னு நான் கேட்டது சும்மா இல்லை. இப்ப நிறைய வண்டியில ஸ்டெப்னிக்குப் பதில் சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற பசை) டப்பாவும் காத்தடிக்கிற குட்டி கம்ப்ரஸரும்தான் வருது. பக்கச்சுவர் கிழிஞ்சா சீலன்ட் அடைக்காது, டோ வண்டிதான் கதி. அதனாலதான் எவ்வளவு தூரம் இழுப்பாங்கங்கறது முக்கியம்.

சாலைப்பித்தன்
ஆணி குத்தின பஞ்சருக்கு சீலன்ட் போதும். ராத்திரியில ஜாக்கி போட்டு ரோட்டோரம் உக்காருறதைவிட பாதுகாப்பு.

ஆயில்கை
அந்தப் பசை உள்ளே போனா டயர் கடைக்காரர் நிறைய பேர் பஞ்சர் ஒட்ட மாட்டேங்கறாங்க, புது டயர்தான். ஸ்டெப்னி இல்லாம வண்டி வாங்கவே கூடாது.

பழைய டீசல்
ஸ்டெப்னி வச்சிருக்கறவங்க அதுல காத்து இருக்கான்னு எப்ப பாத்தாங்க? ஒல்லி ஸ்டெப்னியா இருந்தா 80 கி.மீ. வேகத்துக்கு மேல போகக் கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கும்.

தென்றல்77
சாரி, மீட்டிங். ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போறது), ஆட்டோமேட்டிக், 8 வருஷ வண்டி. நானும் மனைவியும் ஓட்டுவோம். ஸ்டெப்னி இருக்கு.

ஆயில்கை
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி பேச்சு மிச்சம்! ஆல் வீல் டிரைவை ரெண்டு சக்கரம் தூக்கி, ரெண்டு சக்கரம் தரையில உருள இழுத்தா முன், பின் சக்கரத்துக்கு சக்தியைப் பிரிக்கிற சென்டர் டிஃபரன்ஷியலோ கிளட்ச்சோ போயிடும். ஆட்டோமேட்டிக்ல இன்ஜின் ஓடாதப்ப கியர்பாக்ஸ் பம்ப்பும் ஓடாது, ஆயில் சுத்தாது. நாலு சக்கரமும் மேல ஏறுற பிளாட்பெட்தான் வரணும். ரெண்டு இடத்துலயும் போன் பண்ணி பிளாட்பெட் உறுதியான்னு கேளுங்க, எந்த நிபந்தனையில எழுதியிருக்குன்னும் கேளுங்க.

மீனா_எம்
8 வருஷம்னா கார் கம்பெனி கொடுத்த ரோட்சைடு உதவி பெரும்பாலும் முடிஞ்சிருக்கும், எதுக்கும் பாத்துக்கோங்க. பேட்டரி எப்ப மாத்தினீங்க? ஏடிஏசி வருஷாவருஷம் போடற பிரேக்டவுன் கணக்குல முதல் இடம் பல வருஷமா 12 வோல்ட் பேட்டரிக்குத்தான். அதுக்கு இன்சூரன்ஸ், கிளப் ரெண்டு பேரும் வந்து ஜம்ப் ஸ்டார்ட் (வேற பேட்டரியில இருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட்) பண்ணுவாங்க, வித்தியாசம் தெரியாது. தொலைதூரத்துல கியர்பாக்ஸ் போனாத்தான் தெரியும்.

தென்றல்77
ரெண்டு பேருக்கும் போன் பண்ணிட்டேன். இன்சூரன்ஸ்ல பிளாட்பெட் “கிடைத்தால்”னுதான் இருக்கு, அதுவும் பக்கத்து வொர்க்‌ஷாப் வரைக்கும். கிளப்ல எழுத்துல இருக்கு, மனைவியையும் சேர்த்து எடுத்துட்டேன். பாலிசி ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இல்லாம கட்டியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

பழைய டீசல்
கிளப் கவர் எந்தத் தேதியில இருந்து அமல்? சிலதுல சேர்ந்த முதல் சில நாள் டோ கிடையாது. விபத்துல வண்டி நொறுங்கினா தூக்கிட்டுப் போறது பாலிசியிலயா கிளப்லயா வருதுன்னும் கேளுங்க. ரெண்டு நம்பரையும் மனைவி போன்லயும் போட்டு வைங்க.

சாலைப்பித்தன்
ஆயில்கை அண்ணா, தண்ணியில கழுவுற சீலன்ட் வந்திருக்கு. அதை உங்க டயர் கடைக்காரர் ஒட்டுவாரான்னு கேட்டுச் சொல்லுங்க.