அப்பாவுக்குக் கொரோனா, அடுத்து ஸ்ட்ரோக். இது எங்க ரத்தத்துலயே இருக்கா?

கேட்டவர்: அல்சூர்_கத்தரி

வணக்கம். எங்கப்பா டெய்லர். பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கத்துல முப்பது வருஷமா கடை. 2021 மே மாசம் லாக்டவுன்ல ஷட்டர் இறக்கியாச்சு. கை சும்மா இருக்குமா? ஒரு மெஷினை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து மாஸ்க் தைச்சுக்கிட்டிருந்தார். அப்போ 57 வயசு. வீட்ல எல்லாருக்கும் கொரோனா வந்துச்சு, அவருக்குத்தான் ஆக்சிஜன் இறங்கிச்சு. பெட்டுக்கு அலையோ அலைன்னு அலைஞ்சு அட்மிட் பண்ணி, அஞ்சு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காலைல பிளவுஸ் துணியில சாக் பிடிச்சுக் கோடு போட்டார். கோடு நேராத்தான் வந்துச்சு. துணி ஓரத்தைத் தாண்டி மேஜை மேல ஏறியும் போய்க்கிட்டே இருந்துச்சு. அவர் அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறார், கையை எடுக்கல. "கை சொன்னபடி கேக்கலடா"ன்னார், அதுவும் குழறலா. நாங்க கொரோனா அசதின்னு நெனச்சு குளுக்கோஸ் தண்ணி கொடுத்துப் படுக்க வச்சோம். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மத்தியானம் மூணு மணி. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணுமாம். தாண்டியாச்சு. இப்போ நடக்கிறார். வலது கைக்குக் கத்தரி மட்டும் அடங்க மாட்டேங்குது. காஜா, பட்டன் வேலை இடது கையாலேயே பண்றார்.

கேள்விக்கு வரேன். போன மாசம் எங்கக்கா அபார்ட்மென்ட்ல ஹெல்த் கேம்ப். ஒரு லேப்காரர், "கொரோனா வந்தா ஸ்ட்ரோக் வருமான்னு ஜீன்லயே தெரியும், ஒரு டியூப்ல எச்சில் துப்பினா போதும், 14,000 ரூபாய்"னார். சித்தப்பாவுக்கும் 61-ல ஸ்ட்ரோக் வந்ததுன்னு தெரிஞ்சதும் விடவே மாட்டேன்னுட்டார். அப்பாவும் நானும் ஏ பாசிட்டிவ், அக்கா ஓ பாசிட்டிவ். ஓ குரூப்புக்குப் பயமில்லைன்னு அவர் சொன்னதுல இருந்து அக்கா என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருக்கா. எனக்கு 29, அவளுக்கு 36. பணத்தைக் கட்டலாமா? இதுல உண்மை எவ்வளவு?

பதில்: ஜாலஹள்ளி_ரிட்டயர்டு

கட்டாதீங்க தம்பி. எச்சிலுக்கு 14,000 ரூபாயா! அப்பாவுக்கு மாத்திரை ஒழுங்கா வாங்கிக் கொடுங்க.

பதில்: ரத்தப்பை

பிளட் பேங்க்ல 22 வருஷமா டெக்னீஷியன் நான். குரூப் பார்த்துப் பார்த்தே கண்ணு போச்சு, அதனால இதுல கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்கோங்க.

அந்த லேப்காரர் சொன்னது முழுப்பொய் இல்ல. அதான் ஆபத்து. 2020-லயே இத்தாலி, ஸ்பெயின்ல கொரோனா வந்து மூச்சு முட்டி ஆக்சிஜன் வரைக்கும் போனவங்க மரபணுவை ஆராய்ஞ்சாங்க. ரெண்டு இடம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஒண்ணு 3-வது குரோமோசோம்ல, இன்னொண்ணு 9-வதுல. 3-ல இருக்கிற அந்தத் துண்டு நியாண்டர்தால் மனுஷங்ககிட்டே இருந்து நமக்கு வந்ததுன்னு அதே வருஷம் மரபணு விஞ்ஞானி ஸ்வாந்தே பேபோவும் கூட்டாளியும் எழுதினாங்க. பேபோவுக்கு 2022-ல நோபல் கிடைச்சுது. ஐரோப்பாவுல 16 சதவீதம் பேர்கிட்ட இருக்கிற அந்தத் துண்டு தெற்காசியாவுல ஏறக்குறைய பாதிப் பேர்கிட்ட இருக்கு. உங்க தெருவுல ரெண்டு பேருக்கு ஒருத்தர்னு வச்சுக்கோங்க. ஆனா அது நோய் எவ்வளவு முத்தும்ங்கிற கணக்கு, ஸ்ட்ரோக் கணக்கு இல்ல.

உங்க கேள்விக்குப் பக்கத்துல வர்றது 9-ல இருக்கிறது. அது வேற எதுவும் இல்ல, நம்ம ஏ, பி, ஓ குரூப்பைத் தீர்மானிக்கிற ஜீன்தான். கொரோனாவுக்கு ரொம்ப முன்னாடியே ஸ்ட்ரோக் ஆராய்ச்சியில இந்த இடம் அடிபட்டிருக்கு. ரத்தத்துல வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்னு ஒரு புரதம் ஓடுது. காயம் பட்டா பிளேட்லெட்டை இழுத்து ஒட்ட வைக்கிற கோந்து அது. ஏ, பி குரூப் ஜீன் ஒரு சர்க்கரையை எடுத்து அந்தக் கோந்து மேலயும் மாட்டி விடுது. அப்படி மாட்டினது ரத்தத்தை விட்டுச் சீக்கிரம் வெளியேறாது. ஓ குரூப்ல அந்தச் சர்க்கரை கிடையாது, அதனால கோந்து சுமார் 25 சதவீதம் குறைவு. கொரோனா முத்துறப்ப ரத்தக்குழாயோட உள்சுவர் புண்ணாகி எல்லாருக்குமே இந்தக் கோந்தைக் கொட்டும். ஏற்கெனவே அதிகமா வச்சிருக்கிறவங்க எங்க போய் நிப்பாங்கன்னு பார்த்துக்கோங்க.

பிரிட்டன் பயோபேங்க்னு, லட்சக்கணக்கான பேரோட ரத்தம், மரபணு விவரத்தைச் சேர்த்து வச்சிருக்கிற ஒரு ஆராய்ச்சித் திட்டம் இருக்கு. 2024-ல அதுல இருக்கிற ஆட்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. 2020-ல கொரோனா வந்த சுமார் பத்தாயிரம் பேர், வராத ரெண்டு லட்சத்துக்கு மேல, கிட்டத்தட்ட மூணு வருஷம் பின்தொடர்ந்தாங்க. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்கள்ல ஓ அல்லாத குரூப்காரங்களுக்கு மாரடைப்பும் ஸ்ட்ரோக்கும் கூடியிருந்துச்சு. ஓ குரூப்ல அந்தக் கூடுதல் தெரியல. அதுல இருந்தவங்க பெரும்பாலும் நடுவயசு தாண்டின வெள்ளைக்காரங்கங்கிறதை மறந்துடாதீங்க. அல்சூர்க்காரங்களை யாரும் எண்ணிப் பார்க்கல.

இப்போ 14,000-க்கு வருவோம். இவ்வளவு நேரம் நான் பேசின சேதி, அதாவது குரூப், உங்க ரத்தக் கொடையாளர் கார்டுலயே இருக்கு, இலவசமா. மத்தபடி, 2022-ல ஒரு லட்சத்துக்கு மேல ஸ்ட்ரோக் நோயாளிகளை வச்சுப் பார்த்ததுல மரபணுவுல 89 இடங்கள் அகப்பட்டுச்சு. ஒவ்வொண்ணும் ஸ்ட்ரோக் அபாயத்தை அரைக்கால் மாகாணிதான் கூட்டும். ஒரே ஜீன் கோளாறால ஸ்ட்ரோக் வர்ற குடும்பங்களும் உண்டு. 19-வது குரோமோசோம்ல இருக்கிற நாட்ச்3-ங்கிற ஜீன் கெட்டா, ஒற்றைத் தலைவலி, ஐம்பதுக்கு முன்னாடியே ஸ்ட்ரோக், அப்புறம் ஞாபக மறதின்னு தலைமுறையா வரும். அப்படி இருந்தா நரம்பு டாக்டரே டெஸ்ட் எழுதுவார், கேம்ப் மேஜை எழுதாது.

இன்னொண்ணு, திட்டுறேன்னு நினைக்காதீங்க. வாய் கோணினவங்களுக்குத் தண்ணிகூடக் கொடுக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போயிடும்.

பதில்: மர்பிடவுன்_மாலினி

மேடம், என் வீட்டுக்காரர் ஓ பாசிட்டிவ். 2020 செப்டம்பர்ல கொரோனா, பத்தாம் நாள் ஸ்ட்ரோக். 44 வயசு. சுகர் இல்ல, சிகரெட் இல்ல. எந்தக் குரூப் பார்த்தும் எங்களுக்குச் சமாதானம் வரல. இதெல்லாம் ஜாதகம் பார்க்கிற மாதிரித்தான் தெரியுது.

பதில்: ரத்தப்பை

மாலினி, உங்க கோபம் நியாயம். இந்த எண்ணெல்லாம் கூட்டத்தைப் பத்திப் பேசும், ஒரு ஆளைப் பத்திப் பேசாது. சுவீடன்ல 86,000 கொரோனா நோயாளிகளைப் பார்த்தப்ப முதல் வாரத்துல ஸ்ட்ரோக் சுமார் மூணு மடங்கு கூடியிருந்துச்சு. 2020 ஏப்ரல்லயே நியூயார்க்ல ஐம்பது வயசு ஆகாத அஞ்சு பேருக்குப் பெரிய ரத்தக்குழாய் அடைச்சதை எழுதினாங்க. அந்த வாரங்கள்ல வைரஸ் பண்ற கலவரம் பெருசு, குரூப் அதுல ஒரு ஓரத்துல நிக்குது. ஓ-ன்னா தப்பிச்சேன்னு யாராவது சொன்னா நானே சண்டைக்கு வருவேன். சார் இப்போ எப்படி இருக்கார்?

பதில்: மர்பிடவுன்_மாலினி

பேச்சு வந்துடுச்சு. கோபம் வந்தா மட்டும் வார்த்தை தடுக்குது, அது எனக்கு வசதியாத்தான் இருக்கு. அல்சூர் தம்பி, நீங்க ஒண்ணு சொல்லவே இல்லையே. அப்பாவுக்கு முன்னாடி பிபி இருந்துச்சா?

பதில்: அல்சூர்_கத்தரி

இருந்துச்சு அக்கா. நேத்து ராத்திரி அம்மாகிட்ட கேட்டேன். அளவு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாங்க. பிளவுஸ் அளவுகளுக்கு நடுவுல கடைசிப் பக்கத்துல அப்பா கையெழுத்து: "கழுத்து 7, கை 11", அதுக்குக் கீழ "170/100". தேதி 2021 மார்ச். எப்பவும் பார்க்கிற கிளினிக்கை ஏப்ரல்ல மூடிட்டாங்க, மாத்திரை தீர்ந்துச்சு, "கடை திறந்ததும் பார்த்துக்கலாம்"னு விட்டிருக்கார். எங்க யாருக்கும் தெரியாது. நான் நாலு வருஷமா வைரஸ், ஜீன்னு தேடிக்கிட்டிருந்தேன்.

டெஸ்டை வேண்டாம்னுட்டேன். சிவாஜிநகர்ல ஒரு பிபி மெஷின் வாங்கி வீட்ல எல்லாரையும் வரிசையா உட்கார வச்சேன். அப்பா 132/84, மாத்திரையோட. நான் 118/76. ஓ பாசிட்டிவ் அக்கா சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினா, 152/96. மறுபடி எடுத்தேன், 150/96.

பதில்: ரத்தப்பை

சிரிச்சதும் பேசினதும் சேர்ந்திருக்கும். நாளைக்குக் காலைல காபிக்கு முன்னாடி, அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உட்காரட்டும், கால் தரையில, கை மேஜை மேல, பேச்சு கூடாது. ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் எழுதுங்க. அதே நோட்டுல வேண்டாம், வேற நோட்டு. அதைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க.

பதில்: அல்சூர்_கத்தரி

சரி மேடம். இப்போதைக்கு என்கூடப் பேச மாட்டேங்கிறா. மெஷினை மட்டும் அவ வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டா.