நுளம்புக்கு மருந்து ஏன் ஏறுதில்லை?

கேள்வி (சுன்னாகம்):
2016ல இலங்கையில மலேரியா இல்லையெண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது, ஆனா பிறகு அனோபிலிஸ் ஸ்டெபென்சி எண்ட மலேரியா பரப்பிற நுளம்பு மன்னாரிலயும் யாழ்ப்பாணத்திலயும் பிடிபட்டிருக்கு, சில மருந்துக்கு அது சாகாதாம். நுளம்பு மருந்துக்குப் பழகிடுமோ?

பதில் (கோப்பாய்):
ஒரு நுளம்பு தன்ர ஆயுளில பழகிறேல்லை தம்பி. கூட்டத்தில மரபணு மாறின ஒண்டு ரெண்டு முதலே இருக்கும், மருந்தடிக்க மற்றதெல்லாம் செத்துப்போக அதுகள்தான் மிஞ்சி முட்டையிடும். கேடிஆர் எண்டுற மாற்றத்தில நரம்புக்கலத்தின்ர சோடியம் வாசல் புரதத்தில 1014ஆவது இடத்தில லியூசின் எண்ட அமினோ அமிலம் போய் பீனைல்அலனினோ செரினோ வரும், அவ்வளவுதான், மருந்து அங்க சரியாப் பிடிக்காது. டீடீடீ எண்ட பூச்சிமருந்தும் நுளம்புவலையில பூசுற பைரித்ராய்டு மருந்தும் தாக்கிறது அதே வாசலைத்தான், அதால ஒண்டுக்குத் தப்பினது மற்றதுக்கும் தப்பும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

பதில் (வேலணை):
பி450 எண்டுற நொதிகளைக் கூட உண்டாக்கி மருந்தையே உடைக்கிற நுளம்புகளும் இருக்கு அண்ணை. பிபிஓ எண்ட துணைமருந்து சேர்த்த வலை அந்த நொதியைத் தடுக்கும், கேடிஆரை ஒண்டும் செய்யாது.

கேள்வி (சுன்னாகம்):
அப்ப எங்கட கிணத்துக்கு என்ன செய்யிறது?

பதில் (கோப்பாய்):
ஸ்டெபென்சி கிணத்திலயும் சீமெந்துத் தொட்டியிலயும் நல்லாப் பெருகும். தொட்டியை இறுக்கி மூடுங்கோ, கிணத்துக்கு வலை போடுங்கோ, கப்பி மீனும் விடுங்கோ.