புதுப்பிப்பு: காபி குடித்த டேப்லெட் பாதி பிழைத்துவிட்டது

பத்து நாள் முன்னால் எழுதியிருந்தேன்: காரைக்குடி வீட்டில், பட்டாலையில் (தூண் வைத்த கூடம்) படம் பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தாவின் கைபட்டு டேப்லெட் மேல் காபி கொட்டியது, சார்ஜ் ஏறவில்லை, திரையின் கீழ்மூலையில் ஒரு நிழல் என்று. கேட்டவர்களுக்காக மிச்சக் கதை.

முதலில் என் தப்பு. அரிசி டின்னுக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தேன். உள்ளே இறங்கிய ஈரத்தை அரிசி இழுப்பதில்லை. காபியின் சர்க்கரையும் பாலும் அங்கேயே காய்ந்து ஒட்டிக்கொண்டன. போதாததற்கு சார்ஜர் செருகும் போர்ட்டுக்குள் ஒரு குருணை. அதைவிட மோசம், ‘ஏறுதா பார்ப்போம்’ என்று நடுநடுவே சார்ஜரைச் செருகியது. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் போர்ட்டுக்குள் இருக்கும் உலோகப் பின்கள் வேகமாக அரித்துப்போகும்.

கடைக்காரர் லென்ஸ் வழியே காட்டினார்: டைப்-சி போர்ட்டின் நடு நாக்கில் இரண்டு பின்கள் பச்சை பூத்திருந்தன, தேய்க்காத பித்தளைக் குத்துவிளக்கில் களிம்பு ஏறினாற்போல. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தார். பலன் இல்லை. நல்லவேளை, இந்த மாடலில் போர்ட் தனியாக ஒரு சின்ன சர்க்யூட் போர்டில் இருக்கிறது. அதை மட்டும் மாற்றி 900 ரூபாய். இப்போது சார்ஜ் ஏறுகிறது.

திரைக் கறை அப்படியே. திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்விளக்கின் அடுக்குகளுக்கு நடுவே காபி இறங்கியிருக்கிறதாம். துடைத்தால் போகாது, திரைப் பேனலையே மாற்ற வேண்டும். தொடுதல் ஒழுங்காக இருப்பதால் விட்டுவிட்டேன். “அந்த மூலையில என்னடா மேகம்?” என்று அப்பத்தா மட்டும் தினமும் கேட்கிறார். காபி தம்ளர் இப்போது தூணுக்கு அந்தப் பக்கம்.