மூன்று கண்கட்டி, ஒரே நாள்: கோட் எத்தனை?

பட்டர்வொர்த்_தம்பி:
வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில், அமெரிக்க கிளினிக்குகளுக்கு கோடிங் (பில்லுக்காக சிகிச்சையையும் நோயையும் நம்பர் குறியீடா மாத்துற வேலை) செய்யும் ஆபீஸில் புதுசா சேர்ந்திருக்கேன். டாக்டர் நோட்: வலது மேல் இமையில் ரெண்டு கலேசியன் (எண்ணெய்ச் சுரப்பி அடைச்சு வர்ற இமைக் கட்டி), இடது கீழ் இமையில் ஒன்னு; மரப்பு ஊசி போட்டு, கீறி, சுரண்டி எடுத்தாச்சு. பக்கத்து சீட் அண்ணன் சிபிடி (அமெரிக்க சிகிச்சைக் குறியீடு) 67801, 67800 ரெண்டையும் போடுங்கிறார். எனக்கு மனசு ஒப்பல. அன்னைக்கு கன்சல்டேஷனையும் 25 மாடிபையரோட (அதே நாள்ல தனியா பரிசோதனையும் நடந்ததுன்னு காட்டுற ஒட்டுக் குறி) போடலாமா?

செந்தூல்_அக்கா:
67805 மட்டும் போடுங்க தம்பி, ஒரே ஒரு தடவை. 67800 ஒத்தைக் கட்டிக்கு, 67801 ஒரே இமையில் பல கட்டிக்கு, 67805 வெவ்வேறு இமையில் பல கட்டிக்கு. ஒன்னைத்தான் எடுக்கணும். முழு மயக்கம் கொடுத்தா எத்தனை கட்டின்னாலும் 67808; கையைக் காலை உதைக்கிற சின்னப் பிள்ளைங்க கேஸ்ல வரும்.

எந்த இமைன்னு டயக்னோசிஸ் கோட் (நோய்க் குறியீடு) சொல்லிடும்: வலது மேல் எச்00.11, இடது கீழ் எச்00.15. ரெண்டையும் எழுதுங்க. இ1லிருந்து இ4 வரை இருக்கிற இமை மாடிபையர் 67800-க்குத்தான் அழகாப் பொருந்தும் (இ3 வலது மேல், இ2 இடது கீழ்).

25-க்கு அவசரப்படாதீங்க. கட்டியைப் பார்த்து "இன்னைக்கே எடுத்துடலாம்"னு முடிவு பண்றதுக்கான காசு சர்ஜரிக்குள்ளேயே இருக்கு. புது பேஷண்ட்ங்கிறது மட்டும் மெடிகேர்ல (அமெரிக்க அரசாங்கத்தோட மருத்துவக் காப்பீடு) காரணம் ஆகாது. குளுக்கோமா பார்த்து சொட்டு மருந்து மாத்தினார்னு தனியா எழுதியிருந்தா, அது வேற கதை. அப்புறம் 10 நாள் குளோபல், அதாவது சர்ஜரி காசுக்குள்ளேயே அடங்குற நாட்கள்: அதுக்குள்ள புண்ணைப் பார்க்க வந்தா தனி பில் கிடையாது.

பட்டர்வொர்த்_தம்பி:
நன்றி அக்கா. ஒரு வரியில் "சீழ் எடுத்தேன்"னும் இருக்கு. 67700 சேருமா?

செந்தூல்_அக்கா:
அது இமையில் வர்ற சீழ்க்கட்டிக்கு. அதே கலேசியனைக் கீறும்போது வந்த சீழ்னா சேராது. தனிக் கட்டியான்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்குங்க, நாமளா ஊகிக்கக் கூடாது. பெரியவங்களுக்கு அதே இடத்துல திரும்பத் திரும்ப வந்தா புற்றுநோயான்னு பார்க்க சதையை லேபுக்கு அனுப்புவாங்க. எடுத்த அதே கட்டிக்கு பயாப்சி கோட் தனியா வேண்டாம்.

பங்சார்_கவுண்டர்:
நான் கேஎல்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டர். நம்ம மலேசியா பில்லுல இந்த நம்பரைத் தேடாதீங்க. இங்கே டாக்டர் கட்டணத்துக்கு உச்சவரம்பு தனியார் ஆஸ்பத்திரிகளுக்கான 2006 விதிமுறையோட 13-ஆம் அட்டவணை, 2013-ல திருத்தினது. நோய்க் குறியீட்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-10-லயும் கலேசியனுக்கு வெறும் எச்00.1தான், அமெரிக்கப் பதிப்பு மாதிரி இடம் வலம் கிடையாது.

பட்டர்வொர்த்_தம்பி:
அண்ணன் இன்னும் 67801 கூடுதல் கோடு (முதன்மைக் கோட்கூட சேர்த்துப் போடுறது)ன்னு அடம்பிடிக்கிறார்.

செந்தூல்_அக்கா:
சிபிடி புத்தகத்துல 67801-க்கு முன்னாடி கூட்டல் குறி இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. கூடுதல் கோடா இருந்தா அந்தக் குறி இருக்கும், இதுக்கு இல்ல.