60 நாளில் புறப்படும் பொறியாளர் படை: பயிற்சி எங்கே தொடங்குகிறது?

ஈசூன் வாசி (கேள்வி):
வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் முடித்துவிட்டு, அடுத்த மாதம் தேசிய சேவைக்குச் செல்கிறேன். அமைதி காப்புப் பணிக்கு விரைந்து புறப்பட உறுதியளித்த பிரிவுகள், ஐக்கிய நாட்டு நிறுவனம் அழைத்த 60 நாளுக்குள் களத்துக்குச் செல்ல வேண்டும் என்று படித்தேன். புல்டோசர், கிரேடர் (மண்சாலையைச் சமன்செய்யும் எந்திரம்) ஓட்டுநர்களை அதற்குள் எப்படி உருவாக்குகிறார்கள்?

முன்னாள் போர்ப் பொறியாளர்:
தம்பி, அந்த 60 நாளில் யாரையும் உருவாக்குவதில்லை. ஆள்களையும் கனரக எந்திரங்களையும் கப்பலேற்றவே அது சரியாக இருக்கும். கைப்பழக்கம் முன்பே வந்திருக்க வேண்டும். வீரர்களை அனுப்பும் நாடுகள் பலவற்றில் எந்திரங்களும் பயிற்றுநர்களும் குறைவு என்பதால், 2015இல் ஒரு முத்தரப்புத் திட்டம் பிறந்தது. ஒரு நாடு நிதியும் பயிற்றுநர்களும் தர, இன்னொரு நாடு வீரர்களைத் தர, ஐக்கிய நாட்டு நிறுவனம் இருவரையும் இணைக்கிறது. ஜப்பானியத் தரைத் தற்காப்புப் படையினர் கென்யாவின் நைரோபியில் ஆப்பிரிக்க வீரர்களுக்குக் கற்பித்தார்கள். 2018இல் வியட்நாமிலும் பயிற்சி தொடங்கியது. கற்றவர்களையே பயிற்றுநர்களாக்குவதும் அதில் உண்டு. என் கணிப்பில் திட்டத்தின் உயிரே அதுதான். 2004 சுனாமிக்குப் பின் இந்தோனீசியாவில் ஆச்சேயின் மெலாபோ கடற்கரையில் படகுகள் கரையேற நம் சிங்கப்பூர்ப் படைப் பொறியாளர்களால் உடனே இடம் அமைக்க முடிந்ததும் பழகிய கைகளால்தான்.

துவாஸ் எந்திர மேற்பார்வையாளர்:
நான் கோவில்பட்டிக் கரிசல் காட்டில் வளர்ந்தவன். அமைதி காப்புப் பொறியாளர்கள் பணியாற்றிய தென்சூடானிலும் பரந்த பகுதி கரிசல்தான்: நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். எங்கள் ஊரில் மழைக்குப் பின் நடந்தால் செருப்போடு ஒரு படி மண் காலில் ஏறும். 20 டன் எந்திரம் அங்கே என்ன பாடுபடும்! சாலையின் நடுவை மேடாக்கி, நீர் இருபுற வாய்க்கால்களுக்கு ஓடும்படி கிரேடர் பிளேடைச் சாய்த்துப் பிடிக்கும் கணக்கு, உலர்ந்த பயிற்சித் திடலில் மட்டும் ஓட்டியவருக்கு வராது.

பராமரிப்பும் பயிற்சியே. காலையில் எண்ணெய் அளவு பார்த்து, காற்று வடிகட்டியில் புழுதி தட்டி, மூட்டுகளை இணைக்கும் ‘பின்’ எனும் இரும்பு ஆணிகளுக்கெல்லாம் கிரீஸ் அடித்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். எங்கள் தளத்தில் புதியவர் ஒருவர் வாரக்கணக்கில் கிரீஸை மறந்ததால் வாளியின் ‘பின்’ தேய்ந்து, எக்ஸ்கவேட்டர் இரண்டு நாள் நின்றது. இங்கே அழைத்தால் உதிரிப் பாகம் வந்துவிடும். அங்கே மழைக்காலத்தில் பாகம் வரும் சாலையே மூழ்கிக் கிடக்கும்.

ஈசூன் வாசி:
நன்றி அண்ணா. எந்திரம் ஓட்டாத என் படிப்புக்கு அங்கே இடமுண்டா?

துவாஸ் எந்திர மேற்பார்வையாளர்:
நிச்சயம் உண்டு, தம்பி. மண்ணை ஈரத்தோடு பிசைந்து பார்த்து, எத்தனை அங்குலம் சரளை கொட்டினால் லாரியைத் தாங்கும் என்று ஓட்டுநருக்குச் சொல்ல ஒருவர் வேண்டுமே.