சம வாய்ப்புக் கொள்கை எழுத உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 21-இன்படி தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும், எங்களிடம் இன்னும் அது இல்லை. சட்டத்துக்காக ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் இங்கே நேர்காணலில் பெண்களிடம் "கல்யாணம் எப்போ?" என்று கேட்கிறார்கள், காது கேளாத ஒரு தம்பி லேத்தில் எல்லோரையும் விட நன்றாக வேலை செய்தும் சூப்பர்வைசர் பதவிக்கு அவர் பெயரை யாரும் எடுப்பதே இல்லை, ரொம்ப அநியாயம் இது. தமிழில் எழுதிய மாதிரிக் கொள்கை யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், எல்லோரிடமும் ஒரே கேள்விகள் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல் முறையை நடத்தியவர்கள், பழைய சூப்பர்வைசர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். தீபாவளிக்குப் பிறகு ஆளெடுப்பு, அதற்குள் முதலாளியிடம் கொடுக்க வேண்டும்.