கூடத்துக்கு ஸ்பீக்கர் வாங்கியவர்களின் அனுபவங்கள்

குழித்துறை உறுப்பினர்:

தொலைக்காட்சிக்கு அடியில் கிடக்கும் சவுண்ட்பாரை விட்டு, பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு ஜோடி ஸ்டீரியோ ஸ்பீக்கரைக் கூடத்தில் வைக்க விரும்புகிறவர்கள் எந்தக் கம்பெனி நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பழைய வீடு ஓட்டுக் கூரையும் மர மச்சும் கொண்டது. அங்கே பல ஆண்டுகள் இதமாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர்கள், அதே ஆம்ப்ளிஃபயரோடு புதிய கான்கிரீட் வீட்டுக்கு வந்ததும் குணம் மாறிவிட்டன. பாடகர் ‘ச’ என்று தொடங்கும் இடமெல்லாம் காதைக் கீறியது. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) எது, பாஸ் கிதார் எது என்று பிரித்தறிய முடியாதபடி ஒரு முழக்கம் அடியில் ஓடியது.

மேலே கீறுவதற்கும் கீழே முழங்குவதற்கும் காரணங்கள் வேறு வேறு. வழவழப்பான டைல்ஸ் தரை, சிமென்ட் பூச்சுச் சுவர், திரை போடாத பெரிய கண்ணாடி ஜன்னல் ஆகிய மூன்றும் உச்ச ஒலிகளை உறிஞ்சாமல் அப்படியே திருப்பி அனுப்புகின்றன. கூடத்தின் நடுவில் நின்று கையைத் தட்டி, தட்டிய ஓசைக்குப் பின்னால் தகரம் அதிர்வது போன்ற ஒரு வால் கேட்டால், எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரும் அங்கே கூசத்தான் செய்யும். தரையில் கெட்டியான தேங்காய் நார் விரிப்பைப் போட்டு அதன்மேல் ஜமுக்காளத்தை விரித்ததும், ஜன்னலுக்குக் கனமான திரை மாட்டியதும், புத்தக அலமாரியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தியதும் எங்கள் கூடத்தில் பாதி வேலையை முடித்துவிட்டன. வெறும் ஜமுக்காளம் மட்டும் போதாது; மெல்லிய துணி ட்ரெபிளில் கொஞ்சத்தை உறிஞ்சுமே தவிர, குரல் நடமாடும் பகுதியைத் தொடுவதில்லை.

கீழே ஓடும் முழக்கத்தை விரிப்பு ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அது அறையின் அளவிலிருந்து பிறக்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தை இரட்டித்து, அதனால் இந்த 343ஐ வகுத்தால், அந்த அறை தானாகவே தூக்கிக் காட்டும் முதல் அதிர்வெண் கிடைத்துவிடும். எங்கள் கூடம் 14 அடிக்கு 14 அடி, அதாவது 4.27 மீட்டர், கணக்கு 40 ஹெர்ட்ஸில் வந்து நிற்கிறது. பாஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. நீளம் ஒரு 40ஐத் தருகிறது, அகலமும் அதே 40ஐத் தருகிறது, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. சதுரக் கூடம்தான் வீட்டுக்கு லட்சணம் என்றார் எங்களுக்குக் கட்டிக்கொடுத்தவர். ஒலிக்கு அதைவிட லட்சணக் கேடு வேறில்லை. சுவரை ஒட்டிப் போட்ட சோபாவில் இந்த முழக்கம் உச்சத்தில் இருக்கும். அறையின் நட்டநடுவில் அந்த 40 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்துவிடும், ஆனால் அதன் இரட்டிப்பான 80 ஹெர்ட்ஸ் அங்கேயே குவிந்து நிற்கும். சோபாவைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டபோது எங்களுக்குக் கிடைத்த தெளிவை, எந்தக் கருவியும் வாங்கித் தந்திருக்காது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். இடுப்பளவு உயரமுள்ள டவர் ஸ்பீக்கர் ஒன்றை முதலில் போட்டுக் காட்டினார்கள். அந்த அறையில் கம்பளம், திரை, நீளமான தளம் எல்லாம் இருந்தன, பிரமாதமாகவே இருந்தது. கேட்டு முடித்துவிட்டு, 5 அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு) கொண்ட, அலமாரியில் வைக்கும் அளவிலான புக்ஷெல்ஃப் ஜோடியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், முன்பணம் தருகிறேன் என்றேன். கடைக்காரர் சற்று யோசித்துச் சம்மதித்தார். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல இறங்கிவிடும் அந்தச் சிறிய பெட்டி, எங்கள் கூடத்தின் 40ஐத் தொட்டு எழுப்புவதே இல்லை. டவர் அதை நாள் முழுவதும் எழுப்பிக்கொண்டிருந்திருக்கும். சிறியது வாங்கினால் பாஸ் குறையுமே என்று உறவினர்கள் சொன்னார்கள். குறைந்தது, தொப்பியும் கிதாரும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கின. பி.பி.சி. நிறுவனம் 1970களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்துக்குள் வைத்துக் கேட்பதற்காக எல்எஸ்3/5ஏ என்ற மூடிய சிறு பெட்டியை வடிவமைத்தது. குரலைச் சரியாகக் காட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆழ்ந்த பாஸ் அதில் கிடையாது. ஆனாலும் அதற்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

வைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்கிறவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும், உச்ச ஒலி தரும் சிறு ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் நிற்க வேண்டும். மூலையில் வைத்தால் இரு சுவர்களும் தரையும் சேர்ந்து பாஸை ஊதிப் பெருக்கும். பின்பக்கம் போர்ட் (பாஸுக்காக விடும் காற்றுத் துளை) உள்ள பெட்டியானால் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது விடுங்கள். கம்பிக்குப் பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை: வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர ஏற்படும் தடை 0.07 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

கொல்லங்கோடு உறுப்பினர்:

குழித்துறை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டது நல்ல வழி. ஆனால் இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது இன்னொரு பொறி இருக்கிறது, அதை எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் பகுதியில் தமிழ் பேசும் வீடுகளில் கச்சேரியும் கேட்போம், செண்டை மேளமும் கேட்போம், இரு மொழித் திரைப்பாடல்களும் ஓடும். மாமியாருக்கு நாகஸ்வரம், மகனுக்குப் புதுப்பாட்டு. அதனால் எது நல்லது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை.

ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமாகப் பாடும் ஸ்பீக்கர், தரத்தில் மேலானது போலத் தோன்றும். சத்தம்தான் காரணம் என்பது கேட்கிறவருக்குத் தெரிவதில்லை. சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகளை நம் காது கூடுதலாக இழந்துவிடுகிறது என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அதனால் சத்தமாக ஒலிக்கும் பெட்டிக்கே பாஸ் அதிகம் இருப்பதாகவும் நினைத்துக்கொள்கிறோம். கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, அதை சோபாவில் தலை இருக்கும் இடத்தில் வைத்து, சீரான இரைச்சல் ஒலியை ஓடவிட்டு, இரண்டு ஜோடிகளும் ஒரே அளவைக் காட்டும்வரை சத்தத்தைச் சரிசெய்துகொண்டோம். செயலியின் எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் போதும்.

அடுத்து, பார்வையை மறைத்தோம். மெல்லிய பருத்தி வேட்டியைக் கொடியில் மாட்டி, அதன் பின்னால் இரண்டு ஜோடிகளையும் வைத்தோம். வாயால் ஊதினால் மறுபுறம் காற்று வரும் அளவுக்கு நெசவு தளர்வாக இருந்தால் ஒலியைப் பெரிதாகத் தடுக்காது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் 1980களில் ஒலி ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் இப்படி மறைத்து வைத்துக் கேட்கச் செய்த சோதனைகளில், வெவ்வேறு ரசனை உள்ளவர்களும் பெரும்பாலும் ஒரே வகை ஸ்பீக்கரையே நல்லது என்றார்கள். நேராக நிற்கும்போது எல்லா அதிர்வெண்களையும் சமமாகத் தருவதும், பக்கவாட்டில் நகர்ந்தாலும் அந்தச் சமநிலை திடீரென்று உடையாததுமான ஸ்பீக்கர் அது. பின்னர் அவரும் சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் 1994இல் ஒரே ஸ்பீக்கர்களை மறைத்தும் காட்டியும் ஒப்பிட்டபோது, கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. எங்கள் வீட்டிலும் வேட்டியை மாட்டிய பிறகு மாமியாரும் மகனும் ஒரே ஜோடியைக் காட்டினார்கள், அதுவும் அழகில் குறைந்த ஜோடியை. அவர்கள் இருவரும் ஒத்துப்போன வேறு விஷயம் எனக்கு நினைவில்லை.

பக்கவாட்டு என்பதை அலட்சியம் செய்யாதீர்கள். நம் வீடுகளில் ஒருவர் மட்டும் நடுவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது அபூர்வம். ஒருவர் ஊஞ்சலில் இருப்பார், ஒருவர் சமையலறை வாசலில் நிற்பார். 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 சென்டிமீட்டர். ஆறரை அங்குல ஊஃபரின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர், அந்த ஊஃபர் அதற்கு மேலும் ஓடும்படி அமைந்திருந்தால், ஒலி டார்ச் வெளிச்சம் போல முன்னால் மட்டும் குவிந்து, பக்கத்தில் நிற்பவருக்குக் குரல் மங்கிவிடும். கடையில் பெண் குரல் உள்ள பாட்டைப் போடச் சொல்லி, கேட்டபடியே பக்கவாட்டில் நடந்து பாருங்கள்; எந்த இடத்தில் குரல் மூடிக்கொள்கிறது என்பது உடனே தெரியும்.

நகரி உறுப்பினர்:

எங்கள் பிரச்சினை நேர் எதிரானது. சித்தூர் பக்கத்துப் பழைய வீடு, நீண்ட கூடம், உயரமான கூரை. இங்கே சிறு பெட்டி போதவில்லை. கடைகளில் ஆயிரம் வாட்ஸ், இரண்டாயிரம் வாட்ஸ் என்று பி.எம்.பி.ஓ. (நொடிப்பொழுது உச்சத்தைக் காட்டும்) கணக்கில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணைக் கண்ணால் பார்க்கவும் வேண்டாம். ஆர்.எம்.எஸ். வாட்ஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) எவ்வளவு, ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) எத்தனை டெசிபல் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். சென்சிட்டிவிட்டி 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் தேவைப்படும் இடத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ஸில் பாடிவிடும். என்னிடம் ஏற்கெனவே நல்ல நிலையில் ஒரு பழைய 30 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அதை மாற்றாமல், சென்சிட்டிவிட்டி கூடிய ஸ்பீக்கரைத் தேடி வாங்கினேன். ஆம்ப்ளிஃபயர் 8 ஓமுக்குக் கீழே தாங்குமா என்று அதன் பின்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 4 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் சில பழைய ஆம்ப்ளிஃபயர்கள் சூடேறி அணைந்துவிடும். சிறிய ஆம்ப்ளிஃபயரை முழு அளவுக்கு முறுக்கி ஒலி உடையும்படி ஓட்டினால் முதலில் எரிவது ட்வீட்டர்தான். திருவிழா நாட்களில் இங்கே பல வீடுகளில் நடப்பது அதுவே.

செங்கோட்டை உறுப்பினர்:

அண்ணாச்சி ஒருவர் பழைய ஸ்பீக்கர் வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தார். தாராளமாக வாங்கலாம், பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதால் சில விஷயங்களைச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக எங்கள் ஊருக்குள் சாரலைக் கொண்டுவரும் மாதங்களில் வீட்டுக்குள் எதுவும் காய்வதில்லை. ஊஃபரின் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமால் ஆனதானால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது விரல் பட்டதும் பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பு அதைவிட நீண்ட காலம் தாங்கும். ஆனால் ஃபோம் இருந்த இடத்தில் ரப்பரை ஒட்டச் சொல்லாதீர்கள்; அதன் கனமும் விறைப்பும் வேறு என்பதால் பெட்டிக்குப் பொருந்திய பாஸ் மாறிவிடும். ஃபோமுக்கு ஃபோம்தான். வாங்கும் முன் வலையைக் கழற்றச் சொல்லி, விரல்களைப் பரப்பிக் கூம்பை இரு பக்கமும் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் ஓசை கேட்டால் உள்ளே காயில் (கம்பிச் சுருள்) சாய்ந்திருக்கிறது என்று பொருள், அந்த ஜோடியை விட்டுவிடலாம்.

இரண்டாவது சோதனைக்கு ஒன்றரை வோல்ட் பேட்டரி செல் ஒன்று போதும். செல்லின் நேர்முனையை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டால் ஊஃபர் கூம்பு முன்னால் வர வேண்டும். ட்வீட்டருக்கு இந்தச் சோதனை வேண்டாம். ஒரு பெட்டியில் கூம்பு முன்னாலும் மற்றதில் பின்னாலும் போனால், யாரோ பழுதுபார்த்தபோது உள்ளே கம்பியை மாற்றி இணைத்திருக்கிறார்கள். புதிய ஸ்பீக்கர்களிலும் வீட்டில் கம்பியை இணைக்கும்போது இது நடக்கிறது. 1931இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறையே, இரு பெட்டிகளும் ஒத்து அசைந்து, பெட்டியே இல்லாத நடுவிடத்தில் பாடகரை நிறுத்துவதில்தான் இருக்கிறது. ஒன்று முன்னால் போகும்போது மற்றது பின்னால் போனால் பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடகர் நடுவில் நிற்காமல் இரு பக்கமும் சிதறிப்போவார். ஸ்பீக்கர் சரியில்லை, மாற்ற வேண்டும் என்று என்னிடம் கொண்டுவருவதில் கணிசமானவை ஒரு பக்கக் கம்பியைத் திருப்பி இணைத்ததும் குணமாகிவிடுகின்றன.

குழித்துறை அண்ணாச்சியின் ஊரிலும் ஈரம் குறைவில்லை என்பதால் இன்னொன்று: பின்பக்க முனைகளில் பச்சை பூத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய பிறகே கம்பியைப் பொருத்துங்கள். போர்ட் வாயின் உட்புறத்தில் மெல்லிய கொசுவலைத் துண்டு ஒன்றை இழுத்து ஒட்டுங்கள். பல்லி உள்ளே போய் முட்டையிடுவதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை.